வீட்டுத் தரையும் வினைல் விரிப்பும்

வீடு கட்டுபவர் கூரையைப் பற்றிப் பேசுவார். சுவரின் நிறத்தைப் பற்றிப் பேசுவார். வாசற்கதவின் வேலைப்பாட்டைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார். தரையைப் பற்றிப் பேசுபவர் மிகச் சிலரே. ஆயினும், வீட்டின் உறுப்புக்களுள் எமது உடம்போடு ஓயாது உறவாடுவது தரை ஒன்றுதான். குழந்தை தவழ்வது அதன்மேல். முதியவர் தடுமாறி நடப்பது அதன்மேல். பாய் விரித்து நாம் படுப்பதும் அதன்மேல். சுவர் பழுதுபட்டால் கண்ணுக்குத்தான் குறை. தரை பழுதுபட்டால் காலுக்கும் இடுப்புக்கும் ஆபத்து.

எங்கள் பாட்டனார் காலத்தில் தரை என்றால் மண்தரை. நல்ல நாள் பெருநாள் வந்தால் சாணம் கரைத்து மெழுகுவார்கள். பின்னர் சீமெந்து வந்தது. சிவப்புத் தூள் கலந்து, தேய்த்து, மெழுகிட்டு மினுக்கிய தரை ஒரு காலத்தில் குடும்பத்தின் பெருமையாகவே விளங்கியது. இன்று பளிங்குக் கற்களும் மாபிள்களும் பலவகையாக வந்துவிட்டன. அவற்றோடு, கடையிலே பெருஞ்சுருளாகச் சுருட்டி நிறுத்தி வைத்திருக்கும் வினைல் விரிப்பும் சேர்ந்துகொண்டது. விலை குறைவு; நிறமும் கோலமும் பல; கத்தியும் பசையும் இருந்தால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும் என்று விற்பவரும் சொல்வார்.

வினைல் விரிப்பை நான் என் கையால் இரண்டு முறை விரித்திருக்கிறேன். ஒரு முறை பிழையாக, மறுமுறை சரியாக. சரியாக விரித்த கதையை எந்தக் கைந்நூலிலும் படிக்கலாம். பிழையாக விரித்த கதைதான் உங்களுக்குக் கூடிய பயன் தரும் என்று எண்ணுகிறேன். ஆகவே இரண்டையும் சேர்த்தே இன்று சொல்லப் போகிறேன்.

முதலில், இந்த விரிப்பு யாது என்று அறிந்துகொள்வோம். இதற்கு முன்னோடி லினோலியம் என்னும் விரிப்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் வால்ற்றன் என்பவர், ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு, பாலின்மேல் ஆடை படிவதுபோல, இறப்பர் போன்ற ஒரு தோலாகப் படிவதைக் கவனித்தார். அந்த எண்ணெயோடு தக்கைத் தூளும் பிறவும் கலந்து துணியின்மேற் படியவைத்து, 1863 ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். இலத்தீன் மொழியில் லினும் என்றால் ஆளிச்செடி. ஒலேயும் என்றால் எண்ணெய். இரண்டும் கூடி லினோலியம் ஆயிற்று.

வினைல் விரிப்போ செடியிலிருந்து பிறந்ததன்று. இரசாயன சாலையிற் பிறந்தது. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வால்டோ செமன் என்னும் இரசாயனவியலாளர், இறப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசை தேடிக்கொண்டிருந்தார். பொலிவினைல் குளோரைட்டு என்னும் விறைத்த பொருளைச் சில திரவங்களோடு சூடாக்கியபோது, அது வளைந்து நெகிழும் பொருளாக மாறக் கண்டார். அவர் தேடியது பசை, கிடைத்தது வேறு. அந்தப் பொருளால் ஆன விரிப்பை வாங்கிய நாமோ, அதை ஒட்டுவதற்கு இன்று பசை தேடிக் கடை கடையாக அலைகிறோம்! 1933 இல் சிக்காக்கோ நகரிலே நடைபெற்ற பெருங்கண்காட்சியில் வினைல் தரைச் சதுரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் வினைல், லினோலியத்தின் இடத்தை மெல்ல மெல்லக் கவர்ந்துகொண்டது.

இன்று கடையில் நாம் வாங்கும் விரிப்பு ஒரே பொருள்போலத் தோன்றினும் பல படைகளை உடையது. அடியிலே தாங்கும் படை. அதன்மேல், மரம் போலவும் கல் போலவும் தோன்றுமாறு அச்சிட்ட கோலம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடி போலத் தெளிந்த தேய்மானப் படை. கோலம் எவ்வளவு அழகாயிருந்தாலும் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த மேற்படையின் தடிப்பே. வாங்கும்போது விரலால் தடவிப் பார்ப்பதோடு நில்லாது, மேற்படையின் தடிப்பு எவ்வளவு என்றும் கேட்டறிதல் நன்று.

இந்த விரிப்புக்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, அது நீரை ஊடுருவ விடாது. இரண்டாவது, அது நெகிழ்ந்து கொடுக்கும். இவ்விரண்டையும் விற்பவர் சிறப்புக்களாக எடுத்துக் கூறுவார். சிறப்புக்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு நேர்ந்த துன்பம் முழுவதும் இவ்விரண்டு சிறப்புக்களின் வழியாகவே வந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எங்கள் தாய்வீடு. பாட்டனார் கட்டிய வீடு; சிவப்புச் சீமெந்துத் தரை. காலம் செல்லச் செல்லக் குசினித் தரையில் வெடிப்புக்கள் ஓடின. சில இடங்களில் சீமெந்து பெயர்ந்து குழியும் விழுந்தது. ஓர் ஆவணி மாதம் விடுமுறையிற் சென்ற நான், அம்மாவுக்கு ஓர் உபகாரம் செய்ய விரும்பினேன். பட்டினத்திற்குச் சென்று விரிப்பு வாங்கி வந்தேன். அதைக் கண்ட அம்மா, "தம்பி, இந்தத் தரை மாரியிலை வேர்க்கிறது உனக்குத் தெரியாதே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். தரையைத் தொட்டுப் பார்த்தேன். கோடை வெயிலில் அது எலும்புபோல் உலர்ந்திருந்தது. "அம்மா, இனி வேர்க்காது, நான் மூடிவிடுவேன்" என்றேன்.

மூடியும் விட்டேன். குழிகளில் மணலும் சீமெந்தும் அவசரமாகக் குழைத்து அப்பினேன். அடுத்த நாளே பசை தடவி விரிப்பை ஒட்டினேன். தீபாவளிக்கு வந்த உறவினர் எல்லோரும் குசினியை எட்டிப் பார்த்துப் பாராட்டினர். கார்த்திகையில் மழை தொடங்கியது. மார்கழியில், குசினியில் இனந்தெரியாத ஒரு நாற்றம் எழுந்தது. பின்பு சுவரோரமாகக் கறுத்த கோடுகள் படர்ந்தன. நடுவிலே விரிப்பு கொப்புளம் போல எழும்பியது. கதவோரத்தில் விளிம்பு கழன்று சுருண்டது. பொங்கலுக்கு முந்திய வாரம், தண்ணீர்ப் பானையோடு கதவைத் தாண்டிய அம்மாவின் கால் அந்த விளிம்பில் மாட்டியது. கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

எலும்பு பொருந்திவிட்டது. ஆயினும் தேங்காய்ப் பாதியை இறுகப் பற்றித் திருவும் வலிமை அந்தக் கைக்குத் திரும்பி வரவில்லை. அம்மா என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. "நீ நல்லதுக்குத்தானே செய்தனி" என்று மட்டும் சொன்னார். குறை கூறியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

விரிப்பை உரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அதன் அடிப்பக்கமெங்கும் நீர்த்துளிகள். பசை, பழங்கஞ்சிபோல் இளகிக் கிடந்தது. கரும்பூஞ்சணம் தரை முழுவதும் படர்ந்திருந்தது. காரணம் விளங்குவதற்குக் கடினமானதன்று. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். மாரி காலத்தில் கிணற்று நீர்மட்டம் உயர்வதை எல்லோரும் அறிவோம். கிணற்றில் உயரும் நீர், வீட்டின் அடியிலும் உயராதிருக்குமா? பழைய வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் தகடு எதுவும் இல்லை. ஈரம் சீமெந்தின் நுண்துளைகள் வழியாக மேலேறும். காற்றுப்பட்டு ஆவியாகிப் போய்விடும். அறுபது ஆண்டுகளாக அந்தத் தரை அப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் அதன் வாயைப் பொத்தினேன். ஈரம் போக வழியின்றிச் சீமெந்தின் காரத்தையும் உடன் கொண்டு பசையைத் தாக்கியது.

ஆகவே, நேயர்களே, விரிப்பு வேலையின் முதற்பாடம் விரிப்பைப் பற்றியதன்று, தரையைப் பற்றியது. தரையின் குற்றத்தை விரிப்பு நீக்காது. சில காலம் மறைக்கும். பின்பு அதைப் பெருக்கிக் காட்டும். வேலை நேரத்தில் பெரும்பகுதி தரையை ஆராய்வதிலும் திருத்துவதிலும் கழியவேண்டும்.

ஈரத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் தாளொன்றை வெறுந்தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் அப்படியே விட்டு, மறுநாள் உரித்துப் பாருங்கள். தாளின் அடிப்பக்கத்தில் நீர்த்துளி அரும்பியிருந்தாலோ, அதன்கீழ்ச் சீமெந்து கறுத்திருந்தாலோ, ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. தாளின் மேற்பக்கத்தில் மட்டும் நீர் படிந்திருந்தால் அது காற்றிலுள்ள ஈரம். அறையின் நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று, குழாய் அருகே ஒன்று எனப் பல இடங்களிற் சோதித்தல் வேண்டும்.

இந்தச் சோதனையை மாரியிலே செய்யுங்கள். ஆவணியில் நான் சோதித்திருந்தாலும் தரை உலர்ந்ததாகவே காட்டியிருக்கும். எந்தக் காலத்தில் உங்கள் வீட்டுக் கிணறு நிறைந்திருக்கிறதோ, அந்தக் காலத்தில்தான் தரை உண்மை பேசும். குடாநாட்டிற்கும் கிழக்கிற்கும் அது கார்த்திகை, மார்கழி. கொழும்பிலும் தென்மேற்குக் கரையிலும் வைகாசி மழையும் உண்டு. ஐப்பசி மழையும் உண்டு. புதிதாகக் கட்டிய வீடாயின் வேறொரு கணக்குண்டு. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் கொங்கிறீற்று உலரவேண்டும் என்பது வேலைக்காரரின் பழைய அளவு. அப்படியானால் நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம். எமது ஈரக்காற்றில் இதற்கு மேலும் செல்லலாம்.

ஈரம் இருக்கிறதென்று தெரிந்தால் என்ன செய்வது? முதலிலே வெளியே சென்று பாருங்கள். முற்றத்து மண் தரைமட்டத்துக்கு மேல் உயர்ந்திருக்கிறதா? கூரைநீர் சுவரடியில் விழுகிறதா? பீலி அமைத்து, மண்ணை வெட்டித் தாழ்த்தினாலே பாதி ஈரம் அகலும் வீடுகள் உண்டு. அதற்கும் அடங்காத ஈரமாயின், ஈரத்தைத் தடுக்கும் எப்பொக்சிப் பூச்சை அனுபவமுள்ள ஒருவரைக் கொண்டு பூசுவிக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையெனில் விரிப்பு எண்ணத்தைக் கைவிடுங்கள். விரிக்காமல் விடுவதும் ஒரு நல்ல முடிவே.

இரண்டாவது சோதனை, மட்டம். நேரான நீண்ட சட்டமொன்றைத் தரையில் வைத்து, எல்லாத் திசைகளிலும் நகர்த்திப் பாருங்கள். சட்டத்தின்கீழ் வெளிச்சம் தெரியும் இடம் பள்ளம். சட்டம் ஆடும் இடம் மேடு. 10 அடி நீளத்தில் 3/16 அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு ஆகாது என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. மேட்டைத் தேய்த்து இறக்கவேண்டும். பள்ளத்தையும் வெடிப்பையும் தரைக்கென விற்கும் நிரப்புச் சாந்தால் நிரப்பி, முற்றாக உலரவிட வேண்டும். விரிப்பு நெகிழும் இயல்புடையது என்று முன்பு சொன்னேன். அதனாலே, கீழே கிடக்கும் ஒரு மணற்பருக்கையும் நாளடைவில் மேலே பருப்போலத் தெரியும். காலடி படப்பட அந்தப் பருவின் உச்சியே முதலில் தேயும்.

மூன்றாவது, தரையின் மேற்பரப்பு. சிவப்புத் தரையிலே பல்லாண்டு பூசிய மெழுகு ஊறியிருக்கும். மெழுகின்மேல் எந்தப் பசையும் நில்லாது. அதனை முழுவதும் அகற்றி, மேற்பரப்பைச் சற்றே சொரசொரப்பாக்கி, கழுவி, உலர்த்தி, தூசு துடைத்த பின்னரே பசையை நினைக்கவேண்டும். மலைநாட்டுப் பழைய பங்களாக்களில் மரத்தரை உண்டு. அங்கே பலகைகளின் இடுக்குக்கள் விரிப்பின் மேலே கோடுகளாகத் தெரியும். ஆதலால் முதலில் கால் அங்குல ஒட்டுப்பலகை அடித்து, ஆணித்தலைகளையும் மூட்டுக்களையும் நிரப்பிச் சமப்படுத்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய தரையிலே முன்பு யாரோ ஒட்டிய விரிப்போ சதுரங்களோ இருந்தால், அவற்றைச் சுரண்டவும் தேய்க்கவும் அவசரப்படாதீர்கள். 1980 களுக்கு முன் செய்யப்பட்ட தரைவிரிப்புக்கள், சதுரங்கள், பசைகள் ஆகியவற்றுள் பலவற்றில் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருந்தது. அது கிடந்தபடி கிடக்கும்வரை தீங்கு குறைவு. உலரச் சுரண்டித் தூளாக்கினால், கண்ணுக்குத் தெரியாத நாராகி நெஞ்சிற் புகும். அதனால் வரும் நோய் பல்லாண்டு கழித்தே வெளிப்படும். அத்தகைய பழைய தரை உறுதியாகவும் மட்டமாகவும் இருந்தால், அதனைக் கிளறாது மேலே புதியதை விரிப்பதே அறிவுடைமை.

தரை சித்தமாகிவிட்டது. இனி வெட்டும் வேலை. சுருளை வாங்கிவந்த அன்றே வெட்டத் தொடங்கலாகாது. அறைக்குள்ளே ஒரு நாள் வைத்து, அறையின் வெப்பநிலைக்கு வரவிடுங்கள். நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களில் இது மிகவும் அவசியம். குளிரில் விறைத்த விரிப்பு மடிக்கும்போது வெடிக்கும்.

அறை எதுவும் சரியான செவ்வகமன்று என்பதை முதலிலே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகையால் அளவுநாடாவை மட்டும் நம்பி வெட்டாமல், கடுதாசியில் ஒரு படி எடுப்பதே சிறந்த முறை. தடித்த கடுதாசியை, அது கிடையாவிடிற் புதினத்தாள்களை இரண்டு மூன்று படையாக, சுவரிலிருந்து அரை அங்குலம் விட்டுத் தரை முழுவதும் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டுங்கள். இடையிடையே சிறு முக்கோணத் துவாரங்கள் வெட்டி, அவற்றின் வழியே ஒட்டு நாடாவால் கடுதாசியைத் தரையோடு பிணையுங்கள்; இல்லையேல் அது நகரும். பின்பு ஒரு கவராயத்தை ஓர் அங்குலம் விரித்து, ஒரு முனையைச் சுவரோரம் ஓட்டி, மறுமுனையால் கடுதாசியிற் கோடு கீறுங்கள். சுவரின் வளைவு நெளிவெல்லாம் அப்படியே கடுதாசிக்கு வந்துவிடும்.

இந்தக் கடுதாசியை எடுத்துச் சென்று, வேறோர் அறையில் விரித்து வைத்த வினைலின்மேல் பரப்பவேண்டும். இப்பொழுது கவராயத்தின் ஒரு முனை கடுதாசிக் கோட்டின்மேல் ஓடும். மறுமுனை வினைலின்மேல் சுவரின் எல்லையைக் கீறும். இரண்டு முறையும் கவராயத்தின் விரிவு மாறாதிருத்தல் வேண்டும். கடுதாசியின் மேற்பக்கத்தில் "மேல்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள். தலைகீழாக வைத்து வெட்டினால், கண்ணாடியிற் கண்ட அறைபோல இடம் வலமாகிவிடும், விரிப்பும் வீணாகும். பின்பு சுவரோரம் முழுவதும் 1/8 அங்குலம் குறைத்து வெட்டுங்கள். அந்த இடைவெளியைச் சுவரடிப் பட்டி மறைத்துவிடும். சுவரோடு இறுக முட்டிய விரிப்பு, வெப்பத்தில் விரியும்போது போக்கிடமின்றி நடுவில் எழும்பும்.

கூடியவரை ஒரே துண்டாக விரிப்பதே நன்று. அறை பெரிதாகி இரண்டு துண்டு தேவைப்பட்டால், மூட்டு நடைபாதையில் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டின்மேல் மற்றதைக் கோலம் பொருந்துமாறு சற்று ஏற்றி, இரும்புச் சட்டம் வைத்து, இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டினால் இடைவெளியின்றிப் பொருந்தும். அந்த மூட்டை அதற்கென விற்கும் திரவத்தால் அடைத்துவிட வேண்டும். நீர் புகும் முதல்வாசல் மூட்டுத்தான்.

ஒட்டும் வேலையை அறையின் பாதி பாதியாகச் செய்யுங்கள். விரிப்பை இடத்தில் வைத்து, ஒரு பாதியை மறுபாதியின்மேல் மடித்து, வெளிப்பட்ட தரையிலே பல்லுள்ள கரண்டியால் பசையை ஒரே சீராகத் தடவுங்கள். எவ்வளவு நேரம் காற்றாட விடவேண்டும் என்பது பசைப் பேணியில் எழுதியிருக்கும்; அதை மீறாதீர்கள். பின்பு மடித்த பாதியை மெல்ல இறக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உருட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். தொழிலாளர் இதற்கு 100 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 45 கிலோ நிறையுள்ள உருளையைப் பயன்படுத்துவர். சிறிய அறைக்கு, உடல் நிறையைக் கொடுத்து அழுத்தும் கையுருளை போதும். வேலை நடக்கும்போதும் அதன் பின்னரும் யன்னல்களைத் திறந்து வையுங்கள். பசையின் ஆவியும் புது விரிப்பின் மணமும் குழந்தைகளுக்கு ஆகாதவை. ஒரு நாளாவது கழிந்த பின்னரே அலுமாரி, மேசை முதலியவற்றை உள்ளே கொண்டுவருதல் வேண்டும்.

கதவோரத்தை இறுதியாகவும் தனியாகவும் சொல்கிறேன். அங்கே விரிப்பின் விளிம்பு வெறுமையாக நிற்கலாகாது. உலோகப் பட்டியொன்றை அதன்மேல் வைத்து, திருகாணியால் தரையோடு இறுக்குங்கள். சில நூறு ரூபாவையும் அரை மணி நேரத்தையும் மிச்சப்படுத்த நினைத்து நான் விட்ட வேலை அது. என் தாயின் கை முறிந்த இடமும் அதுவே.

விரித்தபின் தரையோடு வாழும் முறையிலும் சில மாற்றங்கள் வேண்டும். சீமெந்துத் தரையைக் கழுவுவதுபோல வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. பிழிந்த துணியால் துடைத்தாற் போதும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை அதன்மேல் வைத்தால் அடையாளம் ஒருபோதும் மாறாது. விறகடுப்புள்ள குசினியில், தணல் விழும் எல்லைக்குள் விரிப்பே வேண்டாம். அம்மி, உரல், திருவுபலகை ஆகியவற்றின் அடியில் ஒரு மரப்பலகை இடுங்கள். வாசலில் இறப்பர் அடியுள்ள மிதியடியைப் போடாதீர்கள். இறப்பரிலுள்ள சில பொருள்கள் வினைலிற் புகுந்து மஞ்சட் கறையை உண்டாக்கும். அக்கறையை எந்தச் சவர்க்காரமும் போக்காது.

வெட்டி எறியும் துண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். எமது வீடுகளிலே குப்பை கூட்டிக் கொல்லையில் எரிக்கும் வழக்கம் உண்டு. வினைல் துண்டுகளை அவ்வாறு எரிக்காதீர்கள். அதிலுள்ள குளோரீன், எரியும்போது ஐதரசன் குளோரைட்டு வாயுவாக எழும்பிக் கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். டையொக்சின் என்னும் கொடிய நஞ்சும் உண்டாகும். மீந்த துண்டுகளுள் நல்லதொன்றைச் சுருட்டிப் பத்திரப்படுத்துங்கள். பின்னொரு நாள் கிழிந்த இடத்தில் ஒட்டு வைக்க உதவும். ஏனையவற்றைக் குப்பை சேர்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சரியாக விரித்தது எங்கே என்று கேட்பீர்கள். கண்டியிலே என் தம்பியின் வீட்டு மேல்மாடி அறையொன்றில். நிலத்தின் ஈரம் எட்டாத தரை அது. ஆயினும் பொலித்தீன் தாளை ஒட்டிச் சோதித்தேன். மூன்று நாள் தரையைத் திருத்தினேன். ஒரு நாள் கடுதாசிப் படி எடுத்தேன். விரித்து ஒட்டியது ஒரே முற்பகல். ஆறு மாரி கடந்தும் அதில் ஒரு சுருக்கம் இல்லை. பிள்ளைகள் அதன்மேலிருந்து படிக்கிறார்கள்.

அம்மாவின் குசினியில் மறுபடியும் விரிப்பு இடவில்லை. பூஞ்சணத்தைச் சுரண்டிக் கழுவி, வெடிப்புக்களை அகலமாகக் கொத்தித் திறந்து சீமெந்தால் அடைத்து, வழுக்காதபடி சற்றுக் கரடாக முடித்துவிட்டோம். பழைய சிவப்பும் புதிய சாம்பலும் கலந்த அந்தத் தரை அழகானதன்று. மார்கழியில் அது இன்றும் வேர்க்கிறது. வேர்வை காலையில் அரும்பி, யன்னலைத் திறந்ததும் மத்தியானத்துக்கு முன் உலர்ந்துவிடுகிறது. அம்மா அதன்மேல் தடுக்கின்றி நடக்கிறார்.

ஆகவே, அழகான விரிப்பைக் கடையிற் கண்டு மனம் சென்றால், சுருளை வாங்குமுன் ஒரு பொலித்தீன் தாளும் ஒட்டு நாடாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். அந்த வீட்டிலே பல ஆண்டுகள் நடந்தவர் யாராவது இருந்தால், மாரியில் தரை எப்படி இருக்கும் என்று அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டுச் சிரிக்காதீர்கள்.